கேட்டால் திறக்கும் பூட்டு

கேள்வித்தாளின் முதல் வரி: பெயர்.
"எந்தப் பெயர் மிஸ்?
கடன் புத்தகத்தில இருக்கிறதோ,
அடையாள அட்டையில பிழையா இருக்கிறதோ?"
பங்கேற்பாளர் ஏழு என்று எழுதினேன்.

விசுவமடு. காயப்போட்ட கச்சானுக்கு
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.
நடுவில் என் செயலி,
கொழும்பில் பரிசு வாங்கிய கைரேகைப் பூட்டு.

பெருவிரலை வைத்தாள். மறுத்தது.
சட்டையில் துடைத்து வைத்தாள். மறுத்தது.
கச்சான் உடைத்து உடைத்து
ரேகை தேயும் என்று
எங்கள் குளிரூட்டிய அறையில் ஒருவரும் நினைக்கவில்லை.
சுட்டுவிரலை வையுங்கோ என்று வாயெடுத்து,
கையைப் பார்த்து,
நிறுத்திக்கொண்டேன்.

"முகத்தைக் காட்டினாலும் திறக்கும்."
"நித்திரையிலயுமோ?
அப்ப அது அவருக்குத்தான் வசதி."

போன் ஒன்று, ஆட்கள் நாலு பேர்.
மகனுக்குக் கார் ஓட்டம், மச்சாளுக்குத் தையல் வீடியோ.
செவ்வாய்க்கிழமைகளில் கடன்காரப் பெடியன் வாங்கி
யார் யாருக்கு எடுத்தாள் என்று தட்டிப் பார்ப்பான்.
சில நாளில் வேறு ஆட்களும்.
யாரென்று அவள் சொல்லவில்லை,
நான் எழுதவில்லை.

"பூட்டினா, என்னத்தை ஒளிக்கிறாய் எண்டு கேப்பினம்.
எனக்குப் பூட்டு வேண்டாம் மிஸ்.
கேட்ட உடன திறக்கோணும்.
திறந்தா, பிள்ளையின்ர படமும்
கணவாய்க் கறி வைக்கிற விதமும் இருக்கோணும்.
மிச்சம்
இருக்கெண்டே தெரியக்கூடாது."

மிச்சம் என்னவென்பது பதின்மூன்றாம் கேள்வி.
அதைத் தாண்டிப் பதினாலுக்குப் போனேன்.

எழும்பும்போது கேட்டாள்:
"ஏற்கிறேன் எண்டது பச்சையில இவ்வளவு பெருசு.
வேண்டாம் எண்டது எங்க?"
அடியில், சாம்பல் நிறத்தில், காட்டினேன்.
இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள்.
எழுத்து பெருக்கவில்லை.

பரந்தன் பஸ்ஸில் இருந்துகொண்டு பார்க்கிறேன்:
நாற்பத்தேழு நிமிடம், அவள் குரல்,
வீட்டு முற்றம் வரை வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
அவள்தான் முதலிலேயே பச்சையை அழுத்தியிருந்தாளே.
காதில் வைத்துக் கேட்டேன்.
பக்கத்து வளவில் இருந்து யாரோ
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இரண்டு தரம்.

நீக்கவா? ஓம்.
நீக்கியவை முப்பது நாள் தொட்டியில் இருக்கும்
என்றது என் செயலி.
அந்த வசனம் நான் எழுதினது.
பயனருக்கு உதவியாக இருக்கும் என்று
கூட்டத்தில் வாதாடி வைத்தது.

தருமபுரம் தாண்ட
பக்கத்துச் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
போனை மடியில் கவிழ்த்தேன்.
அன்றைக்கு என்னிடம் இருந்த பூட்டு
அவ்வளவுதான்.