ஒன்றரை வருஷம்

ஜுமைராவில் எங்கள் கிளினிக்.
வருகிறவரைக் கண்ணாடி முன் உட்கார வைத்து
கையில் ஒரு வெள்ளைப் பென்சில் தருவேன்.
பிடிக்காத இடத்தில் கோடு போடுங்கள்.
யாரும் போடுவதில்லை.
காதோரம் இரண்டு விரல் வைத்து
மேலே இழுத்துக் காட்டுவார்கள்:
இப்படி, சிஸ்டர், இவ்வளவுதான்.
அரபியிலும் ருஷ்யனிலும் மலையாளத்திலும்
அந்த இழுப்பு ஒன்றுதான்.

நெய்னா மொகுதூம் இழுக்கவும் இல்லை.
பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.
தேராவில் அத்தர்க் கடை, இருபத்தாறு வருஷம் அதே கவுண்ட்டர்.
இப்போதைய முதலாளி
முந்தைய முதலாளியின் மகன்.
'களைப்பா இருக்கீங்களே சாச்சா' என்றானாம்,
மூன்று தடவை.
மூன்றாம் தடவை அக்கவுண்ட்டண்ட்டை வைத்துக்கொண்டு.
'களைப்பே இல்ல சிஸ்டர்.
மூஞ்சிதான் அப்படி.'

டாக்டர் அலெப்போக்காரர். அவர் சொல்லச் சொல்ல
நான் தமிழில் சொன்னேன்.
நூல் என்றால், பக்கத்துக்கு நாலு ஊசித்துளை.
நூலெங்கும் பொடி முள்,
நெருஞ்சி போலச் சதையைக் கவ்வி
தூக்கிப் பிடித்துக்கொள்ளும்.
முக்கால் மணி நேரம், இரண்டு நாள் லீவு,
ஆறாயிரம் திர்ஹம்.
நூல் உள்ளேயே கரைந்துவிடும்.
ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை;
அப்புறம் கன்னம் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

கத்தி வேறு.
காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றி,
பின்மண்டை முடிக்குள் போய் ஒளியும் வெட்டு.
தோலை மட்டும் இழுத்தால் நிற்காது,
அடியில் இருக்கும் படலத்தைத் தூக்கித் தைக்க வேண்டும்.
நாலு மணி நேர மயக்கம். மூன்று வாரம்
உங்களை உங்கள் பிள்ளைக்கே அடையாளம் தெரியாது.
நாற்பத்தைந்தாயிரம்.
தாடி வளரும் தோல் காதுவரை ஏறிவிடும்,
காதுக்குப் பின்னாலும் சவரம் செய்ய வேண்டிவரலாம்.
ஆனால் பத்து வருஷம் தாங்கும்.

பத்து வருஷம், என்று சொல்லிப் பார்த்தார்,
பணக்காரச் சம்பந்தியின் பெயரைச் சொல்வதுபோல.

போன செவ்வாய் கத்திக்குப் படுத்த மேடம்
கோல்டன் விசாக்காரி. அதுவும் பத்து வருஷம்.
இவர் விசா இரண்டு வருஷம்,
ஐந்து மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது.
'மிச்சம் பத்தொன்பது மாசம்' என்றார்.
'நூல் பதினெட்டு.
ஒரு மாசம் பழைய மூஞ்சிய வச்சுச் சமாளிச்சுக்கலாம்.
நூலே போட்டுருங்க.'

போட்டோம்.
மல்லாந்தே படுக்கணும், என்றேன்.
இடியாப்பம் சரி, பரோட்டா கூடாது.
கொட்டாவி வந்தால் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள்.
இரண்டு வாரம் சிரிக்கக் கூடாது.
'சிரிக்காம அத்தர் விக்கிறதா?'
பிறகு குரலைத் தணித்து,
'ஸஜ்தா?'
அந்த ஒரு சொல் டாக்டருக்கு நேராகவே புரிந்தது.
பத்து நாள், நாற்காலியில் உட்கார்ந்து தொழட்டும், என்றார்.

'நாற்காலியில தொழுதா
கிழவன்னு சொல்லிருவாங்களே சிஸ்டர்!'
சொன்னவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இரண்டு கன்னத்தையும் கையுறைக் கையால்
அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.
உள்ளங்கையில் அது முட்டி முட்டி அடங்கியது.
கண்ணால் மட்டும் முடித்துக்கொண்டார்.

ஷார்ஜா பஸ்ஸில், நஹ்தா சிக்னலில் நிற்கும்போதுதான்
எனக்கு உறைத்தது.
நூல் கைவிடுகிற அந்த ஒரு மாதம்தான்
விசாவைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று
அந்தப் பையன் உட்கார்ந்து யோசிக்கிற மாதம்.
அவருக்குத் தெரியாமலா இருக்கும்,
இருபத்தாறு வருஷம் பார்த்தவருக்கு.

என் அட்டையில் பதினொரு மாதம்.
ஜன்னலில், ஏசிக் குளிரில் வியர்த்த கண்ணாடியில்,
யாரோ ஒருத்தி காதோரம் விரலைக் கொண்டுபோகிறாள்.

ஸ்டாஃபுக்கு நூல் பாதி விலை.