எட்டுப் பேர், அறுநூறு கிலோ

லிஃப்ட் ஆய்வாளன் நான்.
காலையிலிருந்து ஒன்பது பெட்டிகளில் ஏறி இறங்கியாயிற்று.
ஒன்பதிலும் நான் மட்டும்.
கதவுக்கு மேலே பித்தளைத் தகடு:
எட்டுப் பேர், அறுநூறு கிலோ.
மீதி ஏழு பேர் எங்கே என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

சாவ் பாவ்லோவில் தூறல் ஒரு முடிவுக்கு வராது.
லிபர்டாடியின் சிவப்பு விளக்குக் கம்பங்கள்
பட்டப்பகலில் நனைந்து நிற்கின்றன.
துணித்திரையைத் தலையால் விலக்கி நுழைந்தால்
"எத்தனை பேர்?" என்கிறாள் நெய்ஸா நகாமா.
பதினான்கு வருடமாய்ப் புதன்கிழமைதோறும்
ஒரு விரலைக் காட்டுகிறேன்.
பதினான்கு வருடமாய் அவளும்
என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.

நீளப் பலகை. பத்து முக்காலி.
இடப்புறம் தலைக்கவசத்தை மடியில் வைத்த கூரியர் பையன்.
வலப்புறம் நோட்டரி அலுவலகப் பெண்,
கட்டைவிரலில் முத்திரை மையின் ஊதா.
அதற்கப்பால் யாரோ, அதற்கப்பால் யாரோ.
சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறோம்.
சுவரில் ஒரு நாள்காட்டி;
யாரும் தாள் கிழிக்காததால்
மார்ச்சிலேயே பூத்துக்கொண்டிருக்கிறது ஒரு மரம்.

உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தி,
துருவிய முள்ளங்கி,
மூடி திறந்ததும் மூக்குக்கண்ணாடியை மறைக்கும் மிசோ சூப்,
சோறு.

ஜுரேமா குரிச்சிபாவுக்குப் போன வருடம்தான்
குச்சி பிடிக்கக் கற்றேன்.
ஒன்று அசையக் கூடாது, மற்றது அசைய வேண்டும், அவ்வளவுதான்.
எங்கள் வீட்டில் அசையாத குச்சி யாரென்று
கடைசிவரை தீர்மானமாகவில்லை.

மூன்றாவது கவளத்தில் அது.
தொண்டையின் நடுவில், மெல்லியதாய், நிச்சயமாய்.
சூப் குடித்தேன். இருமினேன்.
இன்னொரு மிடறு. போகவில்லை.
ஒன்றும் நடக்காதவன்போல் அந்த மரத்தைப் பார்த்தேன்.
கண்ணில் நீர் வந்துவிட்டது.
அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

"வாழைப்பழம்!" என்றான் கூரியர் பையன்.
"வறட்டு ரொட்டி, பெரிய துண்டா."
"மரவள்ளி மாவு ஒரு பிடி. எங்க செர்ஜிப்பியில குழந்தைக்கே கொடுப்போம்."
"கையத் தூக்குங்க, ரெண்டு கையையும்."
"கையத் தூக்கினா முள்ளு எப்படி இறங்கும்?"
"சாவ் பிராஸ், சாவ் பிராஸ்" என்று புனிதரைக் கூப்பிட்டபடி
நோட்டரிப் பெண் முதுகில் மூன்று தட்டுத் தட்டினாள்.
முத்திரை குத்திப் பழகிய கை.
பத்து முக்காலியில் ஒன்பது
என் பக்கம் திரும்பியிருந்தன.

நெய்ஸா யோசனை எதுவும் சொல்லவில்லை.
குண்டானிலிருந்து வெறும் சோற்றை அள்ளி
ஈரக் கையில் உருட்டி
நெல்லிக்காய் அளவில் நீட்டினாள்.
"மெல்லாதே. விழுங்கு."
மருத்துவர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.
ஐம்பத்து மூன்று வயதில்
குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு
வாயைத் திறந்தேன்.

இறங்கிற்று.

"போச்சா?"
"போச்சு."

பிறகு ஒன்றரை நிமிடம் இருக்கலாம்,
ஆளாளுக்குத் தங்கள் முள்ளைச் சொன்னார்கள்:
கல்யாணத்தன்று சிக்கியது, கப்பலில் சிக்கியது,
முதலாளிக்குச் சிக்கி யாரும் எழுந்திருக்காதது.
செர்ஜிப்பிக்காரர் சிரித்து இருமியபோது
எல்லோரும் ஒரு கணம் பயந்தோம்.
கூரியர் பையனின் போன் அடித்தது.
ஒவ்வொரு முக்காலியாய்
சுவருக்குத் திரும்பிற்று.

தட்டில் பாதி மீன் மிச்சம்.
விரலால் தடவித் தடவி
அதையும் சாப்பிட்டேன்.

பணம் கொடுக்கையில் கேட்டேன்,
அந்த உருண்டைக்கு எவ்வளவு?
"அடுத்த புதன் வாழைப்பழமும் வாங்கி வைக்கிறேன்" என்றாள்,
அடுத்து நுழைந்தவரின் முதுகுக்குப் பின்னால் பார்த்தபடி.

இரண்டேகாலுக்குப் பத்தாவது பெட்டி.
பதினேழு மாடி. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
சிறு உலுக்கல்; குறித்துக்கொண்டேன்.
எச்சில் விழுங்கும்போது இன்னும் கீறுகிறது.
ஆறாவது மாடியில் கதவு திறந்தால்
ஆய்வு நடக்கிறது என்ற பலகைக்கு அந்தப் பக்கம்
நாயோடு ஒரு பெண்.
"இடமிருக்கா?"

விதிப்படி ஏற்றக் கூடாது.
நகர்ந்து நின்றேன்.

நாய் என் விரல்களை முகர்ந்தது.
தரைத்தளம் வரும்வரை
விடுவதாயில்லை.