கொடுத்தவர் பெயர்

நாகலூர் ரேஷன் கடையில்
பகலெல்லாம் அரிசி நிறுக்கிறேன்.
வீட்டுக்கு வந்ததும்
இன்னொரு பதிவேட்டைத் திறக்கிறேன்.
மரம். நட்ட தேதி. கொடுத்தவர்.

கொட்டச்சேடு செங்கோடன்
வேலியோரம் பிடுங்கித் தந்த பன்னீர் நாவல்:
கடித்தால் வாசனையைத் தின்ற மாதிரி இருக்கும்,
வயிறு மட்டும் நிரம்பாது.
ஜெசிந்தா டீச்சர் மாற்றலாகிப் போகையில்
பால் டப்பாவில் வைத்துக் கொடுத்த லக்கோட்டை.
மூடிப்போன எஸ்டேட்டில்
வாட்ச்மேன் சாப்பிடப் போன நேரம்
நானே ஒடித்து வந்த பேரிக் குச்சி.
கொடுத்தவர் என்ற இடத்தில்
எஸ்டேட் என்று எழுதினேன்.
திருட்டுக்கும் ஒரு ரசீது வேண்டாமா.

சீமைப் பனிச்சை
ஒன்பது வருஷம் இலை மட்டும் காட்டியது.
பத்தாவது வருஷம் பதினோரு காய்.
ஒவ்வொன்றுக்கும் துணிப்பை தைத்துக் கட்டினேன்.
நாக்கைச் சுருட்டும் அந்தத் துவர்ப்பு போக
ஒரு நாள் இருக்கிறது, ஒரே நாள்.
முந்தின நாள் அது காய்,
மறுநாள் கூழ்.
நான் விரலால் அழுத்திப் பார்த்து
நாளைக்கு என்பேன்.
ராத்திரி மரநாய் வந்து
இன்றைக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும்.
கிழிந்த பை மட்டும் கிளையில் ஆடும்.
ஒன்பது முறை அதன் கணக்கு சரி.
மீதி இரண்டை நான் தின்றேன்.
ஒன்று துவர்த்தது.

காட்டெருமை வந்தது வேறு கதை.
அதற்குப் பழம் ஒரு பொருட்டே இல்லை.
கொய்யாக் கன்றில் முதுகைச் சொறிந்தது;
கன்று நின்ற இடத்தில் சாணி இருந்தது.
முள்கம்பி பக்கத்துக் காபித் தோட்டத்தில் கிடந்தது.
தணிகாசலம் வந்து பார்த்து
சோலார் வேலி போடுங்கக்கா என்றான்.
விலை கேட்டேன்.
டீ குடிக்கிறாயா என்றேன்.

போன கார்த்திகை, மழை விட்ட காலை,
தண்ணீர்த் தொட்டி மூடிமேல்
மரநாய் வைத்துவிட்டுப் போன எச்சத்தில்
காபிக் கொட்டைகளோடு ஏழு விதைகள்:
கருப்பு, வழவழப்பு,
ஒரு முனையில் வெள்ளைக் கோடு.
என் தோட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.
தோட்டக்கலை அலுவலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
சப்போட்டாவா இருக்கும்மா என்றார்.
சப்போட்டா எனக்குத் தெரியாதா,
இது அதில் பாதிதான், முதுகும் வளைந்தது.
செங்கோடன் மோந்து பார்த்துவிட்டு
தெரியலையே என்றார்.
அந்த வார்த்தையை அவர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

ஒரு ராத்திரி நடை தூரத்தில்
எங்கோ ஒரு மரம்
என்னிடம் சொல்லாமல் பழுத்திருக்கிறது.
நாலு ஞாயிற்றுக்கிழமை தேடினேன்.
சில்வர் ஓக், மிளகுக் கொடி,
ரிசார்ட் வரப்போகிறது என்று ஒரு பலகை,
அட்டைப்பூச்சி.

ஏழில் இரண்டு முளைத்தன.
ஒன்றின் வேரை முள்ளம்பன்றி முடித்தது.
மற்றது முழங்கால் உயரம்.
இலையைக் கசக்கினால்
லேசாக மண்ணெண்ணெய் வாடை,
எனக்குப் பழகினதுதான்.

பதிவேட்டில் மரம் என்ற இடம் காலி.
தேதி போட்டாயிற்று.
கொடுத்தவர்: மரநாய்.
குடும்ப அட்டை கிடையாது.
கைரேகை, தொட்டி மூடிச் சேற்றில்
ஐந்து விரலும் சுத்தமாக விழுந்திருந்தது.
கடையில் எங்கள் இயந்திரம்
பாதிப் பேருக்கு அப்படி எடுப்பதில்லை.

இந்த வருஷம் பனிச்சையில் பதினாறு காய்.
பை எட்டுதான் தைத்தேன்.
துணி போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.