கரைச்சல்

வினிபெக்கில் சனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பல்கலைக்கழகத்து நான்காம் மாடியில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்க
நாங்கள் நால்வர், ஒரு மேசை,
டோலாப்போ கொண்டுவந்த வாழைக்காய்ச் சிப்ஸ்,
பதினோராயிரத்து இருநூறு மணியோசைகள்.

கோயில் மணி அல்ல.
கட்டில் ஓரத்துச் சிவப்புப் பொத்தான்.
மூன்று முதியோர் இல்லங்களில், ஆறு மாத இரவுகளில்
யார் எப்போது அழுத்தினார்,
எத்தனை நிமிடம் கழித்து யார் வந்தார்.

அழைப்புக் குறைந்த இரவுகளின் விடியலில்தான்
ஆட்கள் அதிகம் விழுகிறார்கள் என்றான் டோலாப்போ,
கணக்குக்காரன், திரையை எங்கள் பக்கம் திருப்பி.
ஒட்னி நம்பவில்லை. முப்பது வருடம் தாதி,
பிறகுதான் பேராசிரியை.
எண்களைக்கூட அவள்
காய்ச்சல்காரனின் நெற்றியைப்போலத் தொட்டுத்தான் பார்ப்பாள்.
மறுபடி ஓட்டு என்றாள்.
மறுபடி ஓட்டினோம். அதே மேடு.

ஆகவே கேட்கப் போனோம்,
டெல்ஃபினும் நானும் ஒலிப்பதிவுக் கருவியும்
பன்னிரண்டு பக்க ஒப்புதல் படிவமும்.

பதினோராம் அறையில் ஹராசிம்சுக்.
ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர், இருமுறை இடுப்பு உடைந்தவர்.
அவர் ஆங்கிலத்தில் சொன்னது
எனக்குள் இப்படித்தான் வந்து விழுந்தது:
அந்தப் பிள்ளை ஓடுற சத்தம் கேக்கும்.
இருபத்தாறு பேருக்கு ஒருத்தி.
சப்பாத்துச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடப்பன்.
ஓடுறவளை நான் ஏன் கூப்பிடுவான்?
நானே எழும்பிப் போகலாம் எண்டு நினைச்சன்.

முப்பத்தேழு நேர்காணல். வாய் வேறு, சங்கதி ஒன்று.
குறியீட்டுப் பட்டியலில் அதற்கொரு பெயர் வேண்டும்.
பெயர் வைக்கவே இரண்டு கூட்டம் போயிற்று.
உதவி நாடாமை என்றான் அவன்.
பழி அவர்கள் தலையிலா என்றாள் டெல்ஃபின்.
தன்னிறைவு?
இடுப்பு உடைந்த தன்னிறைவு என்று சிரித்தாள் ஒட்னி.
என்னைப் பார்த்தார்கள்.

கரைச்சல் என்றேன்.
எங்கட பேச்சில் தொந்தரவு.
உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் என்று
உயிர் போகும்போதும் சொல்லக்கூடிய சனம் நாங்கள்.
மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்காதிருக்கத்
தான் கரைந்துபோவது.
இரண்டும் ஒரே வேரா என்று கேட்டாள் டெல்ஃபின்.
மொழியியல் எனக்குத் தெரியாது.
இரவு வேலை தெரியும்.

அதைத்தான் அதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.
படிப்புக்கு முன் ஏழு வருடம்
அந்தச் சப்பாத்து என்னுடையது.
பெம்பினா சாலைக்கு அப்பால், வேறோர் இல்லம்.
பொத்தான்கள் உறங்கிய இரவுகளில்
விடியப்புறம் பதிவேட்டில் எழுதுவேன்:
அமைதியான இரவு.
எனக்கு நல்ல கையெழுத்து.
அந்த வரிக்குக் கீழே யார் யார்
நனைந்த விரிப்பில் விழித்துக் கிடந்தார்களோ
அதற்கு நிரல் இல்லை.

ஹீட்டர் மட்டும் இருமியது.
ஒட்னி சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.
நானும் எழுதியிருக்கிறேன் என்றாள். எண்பத்தெட்டில்.

எங்கள் திட்டம்
மானியம் கேட்க வெட்கப்படும் அளவுக்கு எளிது.
இரவில் இன்னுமோர் ஆள்.
அழைக்காமலே போகிற ஆள்.
வாசலில் கொஞ்சம் நிற்க வேண்டும்.
ஓடக்கூடாது என்பது நெறிமுறை மூன்று.
இதில் புதுமை எங்கே என்று எழுதிக் கேட்டது நிதிக்குழு.
டோலாப்போவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது
அன்று ஒருநாள்தான்.
பாதிப் பணம் வந்தது. மூன்றில் ஓர் இல்லம்.

அடுத்த பனிக்காலம். ஐந்தாம் வாரத் தரவில் ஒரு வரி:
அறை பதினொன்று. இரவு 2.47. காத்திருப்பு ஒரு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்:
ஒன்றும் வேண்டாமாம்.
வெளியே பனி கொட்டுகிறதா என்று கேட்டார்.

இதைப் பிழையென்று நீக்கவா என்றான் டோலாப்போ,
விரலை விசைமேல் வைத்தபடி.
வைத்திரு என்றோம், மூவரும் ஒரே நேரத்தில்.

கொட்டியதா? என்றாள் டெல்ஃபின்.

அதை யாரும் பதியவில்லை.