உடைஞ்சு போனாய்

ஆஸ்பத்திரி வீதியில்
நித்திரைக் குளிசை எண்ணிக் கொடுப்பது என் வேலை.
பத்துப் பத்தாய்க் கத்தரித்து
உறையில் ‘இரவு 1’ என்று எழுதி
‘போனைத் தலைமாட்டில வையாதேங்கோ’
என்றும் சொல்லி அனுப்புவேன்.
சொல்லுகிற நேரம்
என்னுடையது மேலங்கிப் பைக்குள் அதிரும்.

தேர் பார்த்து வந்த அன்று
ஒரு படம் போட்டேன்.
மயில்கழுத்து நீலச் சேலை.
நூற்றுப் பன்னிரண்டு இதயங்கள்.
அதற்குக் கீழே
ஸ்காபரோவிலிருந்து சுகந்தமலர்,
உயர்தரத்தில் என் வாங்கில் இருந்தவள்:
‘என்னடி, உடைஞ்சு போனாய்?’

அவ்வளவுதான்.
பக்கத்தில் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

நூற்றுப் பன்னிரண்டும் எங்கே போயினவோ.
கன்னத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கழுத்தெலும்பை.
அதே சேலையில் போன வருசத்துப் படத்தை.
பிறகு அவளுடைய படங்களை:
பனி, கார், பிள்ளையின் பிறந்தநாள்,
திரும்பவும் பனி.
ஐந்து வருசம் கீழே இறங்கினபோது
பெருவிரல் தவறி
பழைய படமொன்றில் இதயம் விழுந்துவிட்டது.
உடனே எடுத்தேன்.
எடுத்தாலும் காட்டிக் குடுக்குமோ?

மூன்று மணி பத்து நிமிடம்.
அவளுக்கு இன்னும் நேற்றுப் பின்னேரம்.
நாய்களும் ஓய்ந்த ஒழுங்கையில்
என் நெஞ்சு மட்டும்
ஆரோ கேற்றைத் தட்டுகிற மாதிரி.
கேற் தட்டினால் நடுங்கிய வயது ஒன்று எனக்கு இருந்தது.
அப்போது
உண்மையிலேயே வெளியே ஆரோ நின்றார்கள்.

திங்கட்கிழமை ஈசீஜி எடுத்தார்கள்.
கோட்டில் ஒரு குறையும் இல்லை.
‘பதகளிப்பு’ என்றார் டொக்டர்.
என்னிலும் இளையவர், சவரம் செய்யாத முகம்.
‘போன் கனக்கப் பாக்கிறனீங்களோ?’
மேசையில் கவிழ்ந்து கிடந்த அவருடையது
ஒருதரம் உறுமியது.
அவர் எடுக்கவில்லை.
எடுக்காமல் இருக்கப் பாடுபட்ட
அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டைக் கொண்டுவந்து
என் கையாலேயே எனக்குக் கத்தரித்தேன்.
முதலாளி காணாமல் உறையை மடித்தேன்.
எழுதியும் விட்டேன், பழக்கதோசம்: ‘இரவு 1’.

நாலு நாளாக அவளுக்குப் பதில் தட்டி அழித்தேன்.
‘வேலை கூட, அதுதான்.’
‘நீயும்தான்.’
‘கமராவில அப்பிடித் தெரியுது.’
இன்று காலை, கடையில் சனமில்லாத நேரம்,
தனியே அவளுக்கு மட்டும்
‘ஓம். உடைஞ்சுதான் போனன்’
என்று அனுப்பினேன்.

உடனேயே இரண்டு சரியும் நீலமாயின.
அங்கே நடுச்சாமம் கழிந்து அரைமணி.
எழுதுகிறாள் என்று காட்டுகிறது.
நிற்கிறது.
திரும்பவும் எழுதுகிறாள்.
நிற்கிறது.

எனக்குத் தெரியும் அந்த நிற்பாட்டலை.
தட்டவோ விடவோ என்று
கேற்றடியில் நிற்கிறாள்.

ஒரு பெடியன் சீட்டை நீட்டுகிறான்.
‘அக்கா, முப்பது நாளைக்கு.’
கத்தரிக்கோலைத் தேடுகிறேன்,
ஒரு கையால்.