கண்டது: ஒன்றுமில்லை

டோர்ச்சை அணைத்துவிட்டு ஒக்டாவியோ
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறான்.
கண்ணைச் சுற்றி மட்டும் மனிதன், மற்றதெல்லாம் கரி.
எந்த வால்வை முதலில் மூடுவதென்று
ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு விதமாய்ச் சொல்லும்.
அவன் விரல்கள் யாரையும் கேட்பதில்லை.
குழாயில் மிச்சமிருந்த மூச்சையும் வெளியே விட்டு
சங்கிலியை இழுத்துப் பார்க்கிறான்,
இரண்டு சிலிண்டரும் நிமிர்ந்தபடியே நிற்கின்றன.
அவன் வேலை முடிந்தது.
என் வேலை இனித்தான்.

இரண்டு மணி பத்து.
ஹமில்டனில் துறைமுகத்துக்குப் பின்னால்
இடிக்கப்படும் குளிர்களஞ்சியம், மூன்றாம் தளம்.
சுவருக்குள் தார் பூசிய தக்கை,
தொண்ணூறு வருஷத்துத் தக்கை.
தக்கை எரியாது, தூங்கும் என்பாள் லொரேய்ன்.
எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு எழும்பும்.

தீயணைப்பான் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று,
நனைத்த தார்ப்பாய், இரண்டு கண்.
அறுபது நிமிடம்.
பொறி முப்பத்தைந்து அடி போகுமென்று தாளில் இருக்கிறது.
போல்ட் கழன்ற ஓட்டைக்குள்ளே போனால்
எத்தனை அடியென்று தாளில் இல்லை.

அக்காவின் மகன் ஒருநாள் கேட்டான்:
"சின்னம்மா, நீங்கள் அங்க என்ன செய்யிறனீங்கள்?"
எரியாமல் இருக்கிறதைப் பார்க்கிறன் என்றேன்.
"அதுக்குக் காசு தருவினமோ?"

வந்த முதல் கிழமை
கேஜைத் திருப்பக் குனிந்தவளை லொரேய்ன் நிறுத்தினாள்.
தலையில் என்ன பூசியிருக்கிறாய்?
தேங்காயெண்ணெய்.
ஒக்சிஜன் பக்கம் எண்ணெய் வரக்கூடாது.
கையில், கையுறையில், முடியில், எங்கேயும்.
அழுத்தி அடைத்த ஒக்சிஜனுக்கு
எண்ணெய் கிடைத்தால் தீக்குச்சி வேண்டாம்.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
என் தலையைத்தான் ஏதோ சொல்லிவிட்டாள் போல.
மூன்றாம் நாள் அந்தப் போத்தலை
குளியலறையின் மேல்தட்டில் தூக்கி வைத்தேன்.
வெள்ளி முழுக்கு சனிக்கு மாறியது.
அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டே முக்கால்.
படியிலிருந்து கைல் கத்துகிறான்,
வெள்ளிக்கிழமை, லொறி வெளிக்கிடுகிறது, கையெழுத்தை வை.
இன்னும் இருபத்தைந்து நிமிடம்.
ஒன்றும் எரியவில்லையே!
இன்னும் இருபத்தைந்து நிமிடம் என்கிறேன்,
கொஞ்சம் மெல்லமாய்.
அவன் போன பிறகுதான் முழங்கால் நடுங்குகிறது.

கையுறையைக் கழற்றி
காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைச் சுவரில் வைக்கிறேன்.
குளிர். அடுத்த தூணருகே, குளிர்.
அதற்கடுத்ததில்
சூடு.
இல்லை, சூடென்று சொல்ல முடியாது.
யாரோ இருந்து எழும்பிய நாற்காலிபோல.

ஒக்டாவியோ திரும்பி வந்தான். கடப்பாரை வந்தது.
கைலும் வந்தான், ஒரு வார்த்தை பேசாமல்.
தகரம் கிழிந்து, தார் பிளந்து,
கறுப்புத் தக்கை கட்டி கட்டியாய் விழுந்தது.
ஒவ்வொன்றையும் உடைத்து, மோந்து,
தண்ணீரில் போட்டுப் பார்த்தோம்.
சீறவில்லை.
வெட்டிய உத்தரத்தின் சூடு
இரும்பு வழியே நடந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லொறி போய்விட்டது.
லொரேய்ன் கடிகாரத்தைப் பார்த்தாள்,
சுவரைத் திறந்துவிட்டோம், மறுபடியும் அறுபது.
கைல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினான்.
ஒக்டாவியோ தன் ஒரேஞ்சை உரித்து
ஆளுக்கு மூன்று சுளை கொடுத்தான்.
கைல் வாங்கவில்லை. பிறகு வாங்கினான்.

படிவத்தில் 'கண்டது' என்றொரு கட்டம்.
ஒன்றுமில்லை என்று எழுதினேன், ஆங்கிலத்தில்.
மூன்று பேரின் வெள்ளிக்கிழமை
அந்தக் கட்டத்துக்குள் மடிந்து கிடந்தது.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழும்பிப் போனார்.
உடுப்பில் அசிட்டிலீன், உள்ளி மணம்.

இரவு பதினொன்றரை.
தண்ணீர் குடிக்க எழும்பியவள்
விளக்கைப் போடாமல்
புறங்கையைச் சமையலறைச் சுவரில் வைத்தேன்.
அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சி பார்க்கிறார்கள்.
அவர்களுக்கு என்னைத் தெரியாது.

குளிர்.
அடுத்த சுவருக்குப் போனேன்.