புல எண் 217/3பி

பனச்சமூடு. பதினொரு சென்ட்.
நில அளவைப் படத்தை ஸ்கேன் செய்து
திரையின் அடியில் விரித்தேன்,
அதன்மேல் வீடு.

மேற்கே கல்லுக்குக் கல் ஒரு கோடு.
அதற்கப்பால் கேரளம்:
ஓர் எண்கூட இல்லாத வெள்ளை.
ஒன்றுமில்லாத பக்கம்தானே என்று
சமையலறையை அங்கே ஒட்டினேன்.

தளம் குறிக்கப் போன அன்று மழை.
ரெத்தினபாய் குடை நுனியால் காட்டினார்:
"வெள்ளம் அங்கேருந்துதாம் பிள்ளே வரும்."
ரப்பர் இலைகள் மிதக்க
தாளின் வெள்ளையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது
செம்மண் நீர்,
எல்லைக்கல்லைச் சுற்றி,
நான் வரைந்த அடுப்பின்மேல்.

வீடு நாலடி கிழக்கே நகர்ந்தது.
படத்தில், முத்திரைக்கு வெளியே,
பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டேன்:
இங்கே மேடு.

அனுமதிக்கு அனுப்பும் பிரதியில்
அதை அழித்தாக வேண்டும்.